மல்லிகா எனக்கு மட்டும் சொன்னது

என் தம்பிக்கு அம்மா எழுதுறது. நான் நல்லா இருக்கேன். காலையில ரெண்டு இட்லி சாப்பிட்டு சுகர் மாத்திரையும் போட்டாச்சு, முட்டிவலி அது பாட்டுக்கு இருக்கு. நீ போன் பண்ணினா முதல்ல கேக்குறது இதெல்லாம்தானே, அதனால முதல்லயே சொல்லிட்டேன். மெசேஜ் அனுப்பாம ஏன் பேப்பர்ல எழுதுறேன்னு நெனைப்ப. மெசேஜ்னா துண்டு துண்டா வந்து விழும், நான் பாதி சொல்றதுக்குள்ள நீ "சாரிம்மா"ன்னு போட்டு அழுற பொம்மை ஒன்னையும் போட்டுடுவ. அதோட என் வாய் அடைஞ்சு போகும், உன்கிட்ட எனக்குக் கோவம் நிக்காதுன்னு உனக்கு நல்லாத் தெரியும். இந்தத் தடவை நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ குறுக்க பேசக் கூடாது. அவ்வளவுதான் காரணம்.

நடந்ததை என் பக்கத்துலேருந்து சொல்றேன், அது உனக்கு முழுசாத் தெரியாது. நீடாமங்கலத்து மல்லிகாவை நீ அத்தைன்னு கூப்பிட்டு வளந்தவன். அவ பொண்ணு கவிதா, புருஷன் பிரபுவோட அடி தாங்க முடியாம வீட்டை விட்டுக் கிளம்பினா. பிரபு உன்கூடப் பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சுல உக்காந்தவன், நம்ம வீட்டுல உரிமையா வந்து எலுமிச்சம்பழ சாதம் கேட்டு வாங்கித் தின்னவன். அவன் குடிச்சுட்டுக் கை நீட்டுவான்னு உனக்கு எப்படித் தெரியும்? கவிதா தோள்பட்டையில கன்னிப்போன தடத்தைப் பாக்குற வரைக்கும் எனக்கே தெரியாது. அவ திருச்சியில ஒரு டீச்சர் வீட்டு மாடியில தங்கிக்கிட்டு, ஒரு ரத்தப் பரிசோதனை லேபுல வேலைக்குச் சேந்துட்டா. இந்த விஷயம் மல்லிகாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், வேற ஈ காக்காவுக்குத் தெரியாது. மகனும் மருமகளும் இருக்கற வீட்டுல மல்லிகாவால வாய் விட்டுப் பேச முடியாது. ஊருக்கு என்ன பதில் சொல்றதுன்னு அவன் வேற குதிச்சுக்கிட்டிருந்தான். அதனால அவ கொல்லைப்பக்கம் போயி நின்னுக்கிட்டு எனக்கு மெசேஜ் தட்டுவா. அந்த டீச்சர் பேரு, தெரு பேரு, மாடிப்படி வெளிப்பக்கமா இருக்கு, யாரு வேணா ஏறலாம், எனக்கு பயமா இருக்குடின்னு எல்லாத்தையும் எழுதுவா, அடியைப் பத்தி மட்டும் எழுதக் கூச்சப்படுவா. எழுதினாத்தான் அவளுக்குச் சோறு இறங்கும். நானும் ஒன்னும் ஆகாதுடின்னு பதில் போடுவேன்.

அது அத்தனையும் லண்டன்ல உன் லேப்டாப்புலயும் வந்து விழுந்துக்கிட்டிருந்துச்சு. ஏன் அப்படி வெச்சன்னு எனக்குப் புரியாம இல்ல. அதுக்கு முன்னாடி ஒருத்தன் போலீஸ் டிரஸ் போட்டுக்கிட்டு வீடியோவுல வந்து, என் பேர்ல கேஸ் இருக்கு, நகரக் கூடாது, யாருகிட்டயும் பேசக் கூடாதுன்னு என்னை மத்தியானம் பூரா நாற்காலியிலயே உக்கார வெச்சான் பாரு, அந்தக் கூத்து. எத்தனையோ நிஜப் போலீஸைப் பாத்தவ, ஒரு டிரஸ்ஸைப் பாத்து ஏமாந்தேன். அன்னைக்கு நீ மட்டும் தற்செயலாக் கூப்பிடலன்னா பேங்குல இருந்தது பூரா போயிருக்கும். பொங்கலுக்கு வந்தப்ப நீ என் போனை வாங்கி, உன் கம்ப்யூட்டர் திரையில இருந்த கட்டம் போட்ட படத்துக்கு நேரா ஒரு தடவை காட்டின. "ஒன்னுமில்லம்மா, ஏமாத்துற மெசேஜ் ஏதாவது வந்தா நான் பாத்துச் சொல்லிடுவேன், நீங்க நிம்மதியா இருங்க"ன்னு சொன்ன. நான் சரிடா சாமின்னு தலையாட்டிட்டு உனக்கு மொச்சைக் குழம்பு ஊத்தப் போயிட்டேன். ஏமாத்துற மெசேஜ் மட்டும்தான் போகும்னு நெனைச்சேன், நீயும் பிரிச்சுச் சொல்லல. உன் மனசுலயும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனா வந்து விழுறதைக் கண்ணு படிக்காம இருக்குமா?

ஒருநாள் காலையில மல்லிகா கூப்பிட்டா. அழுகை இல்ல, கத்தல் இல்ல. "நீதானே சொன்ன?"ன்னு மட்டும் கேட்டா. பிரபு அந்த மாடிப்படி ஏறியிருக்கான். கவிதாவைக் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டே கீழ இறங்கியிருக்கான், பாதிப் படியில அவ விழுந்து மணிக்கட்டு உடைஞ்சு போச்சு. தெருவே கூடி அவனைப் புடிச்சு வெச்சுது, ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தாங்க. அந்த டீச்சர் நல்ல மனுஷி. ஆனா அவங்க வீட்டுலயும் வயசுப் பொண்ணு இருக்கு, தயவு பண்ணி வேற இடம் பாத்துக்கம்மான்னு சொல்லிட்டாங்க. இவ்வளவையும் சொல்லிட்டு மல்லிகா திரும்பவும் அதையே கேட்டா. சத்தியமா இல்லடின்னேன். வேற யாரு சொல்ல முடியும், நம்ம ரெண்டு பேரைத் தவிரன்னு கேட்டுட்டு வெச்சுட்டா. அன்னைக்குச் சாயந்திரம் நீ கூப்பிட்டு, ரொம்ப சாதாரணமா, "கவிதாவும் பிரபுவும் பேசிட்டாங்களாம்மா? அவன் எனக்குப் போன் பண்ணி அழுதான், பாவமா இருந்துச்சு, திருச்சியில இன்ன தெருவுல ஒரு டீச்சர் வீட்டு மாடியில பத்திரமாத்தான் இருக்கா, கவலைப்படாத மாப்ளேன்னு சொன்னேன்"னு சொன்ன. உனக்கு யாருடா சொன்னான்னு கேட்டேன். உங்க மெசேஜ் எனக்கும் வருதேம்மான்னு சொன்ன.

நீ கெட்ட எண்ணத்துல சொல்லல. அழுற சிநேகிதனுக்கு ஆறுதல் சொன்ன, புருஷன் பொண்டாட்டி சேந்துட்டா நல்லதுன்னு நெனைச்ச. நம்ம ஊர்ல எந்தப் பிள்ளையும் அதைத்தான் பண்ணியிருக்கும். அதுதான் தம்பி என்னைப் பிசையுது. கெட்டவன் படிச்சிருந்தா நான் பாட்டுக்குச் சபிச்சுட்டுப் படுத்திருப்பேன். படிச்சவன் என் வயித்துல பொறந்த நல்ல பிள்ளை. நல்லவன்கிட்ட போனாலும் இடம் மாறிப் போன பேச்சு எங்க போயி நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னு அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது.

இதை எழுதுறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. உன் வேலையைப் பத்தி போன தடவை போன்ல நீ எனக்குப் பொறுமையா விளக்கின. அந்த ஊரு சர்க்கார், இன்டர்நெட்டுல பிள்ளைங்களுக்குப் பாதுகாப்பு வேணும்னு ஒரு சட்டம் போட்டிருக்கு. உங்க கம்பெனி மாதிரி மெசேஜ் கம்பெனிங்களை, அனுப்பினவங்களும் வாங்கினவங்களும் தவிர யாரும் படிக்க முடியாம பூட்டிப் போற பேச்சையும் பாக்கறதுக்கு ஒரு வழி பண்ணுங்கன்னு கேக்க அதுல இடம் இருக்காம். பூட்டை உடைக்க வேணாம், பூட்டறதுக்கு முன்னாடி போனே ஒரு தடவை பாத்துக்கட்டும், தப்பா இருந்தா மட்டும் சொல்லட்டும்னு நீங்க ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கீங்க. வர்ற மீட்டிங்குல இது சரியா வரும்னு நீதான் எழுந்து சொல்லப்போற. நம்ம நாட்டுலயும் ஒரு மெசேஜை முதல்ல அனுப்பினது யாருன்னு கேட்டா கம்பெனி சொல்லணும்னு விதி இருக்குன்னு சொன்ன. எனக்குச் சட்டம் தெரியாது. ஆனா ஊரே பேசுறதுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். அந்த வேலையிலதான் உன்னைப் படிக்க வெச்சேன்.

எனக்கு அந்த எஸ்டிடி பூத்து கெடச்சதே இந்தப் போலியோ காலாலதான், ஊனமுற்றவங்களுக்குன்னு ஒதுக்கினதுல குடுத்தாங்க. மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல மஞ்சள் போர்டு, உள்ள ஒரே ஒரு கண்ணாடிக் கேபின். நம்ம சனம் அதுவரைக்கும் அடுத்தவன் வயல்ல நாத்துப் பறிச்ச சனம், உங்கப்பா நம்ம தெருவுலேருந்து முதல் ஆளா மஸ்கட்டுக்குக் கிளம்பினாரு. அவரு பின்னாடியே ஒவ்வொருத்தரா சவூதி, குவைத், சிங்கப்பூர்னு போனாங்க. அவங்க வீட்டுப் பொம்பளைங்க வெள்ளிக்கிழமையானா தலை குளிச்சுப் பூ வெச்சுக்கிட்டு என் பூத்துக்கு வந்து வரிசையா உக்காந்திருப்பாங்க. புருஷன் பாக்கப்போறதில்ல, காதால கேக்கப்போறான், அதுக்கு எதுக்குடி பூன்னு நான் கிண்டல் பண்ணுவேன். நானும் உங்கப்பாவுக்குப் பேசுற அன்னைக்குப் புதுப் புடவைதான் கட்டுவேன், அதை அவளுங்க திருப்பிச் சொல்லிக் காட்டுவாளுங்க.

எல்லாரும் பண்ணின ஒரு தப்பு என்னன்னா, தூரத்துல இருக்கற ஆளுக்குச் சத்தமாப் பேசினாத்தான் கேக்கும்னு நெனைச்சாங்க. திருவாரூருக்குன்னா ஒரு சத்தம், மெட்ராஸுக்குன்னா அதுக்கு மேல, துபாய்க்குன்னா தொண்டை கிழியணும். மெதுவாப் பேசினாலே கேக்கும், உள்ள மிஷின் இருக்குன்னு நான் எவ்வளவு சொன்னாலும் ஒருத்தரும் நம்பல. கேபின் உள்ள வேற வெந்து போகும். முழங்காலால கதவை முட்டுக் குடுத்துத் திறந்து வெச்சுக்கிட்டு, குடும்ப விஷயம் பூராவையும் பஸ் ஸ்டாண்டுக்கே கேக்குற மாதிரி கத்துவாங்க. அதனால நான் ஒரு ரேடியோ வாங்கி மேசையில வெச்சேன். கேபினுக்குள்ள ஒரு முகம் லேசாக் கோணினா போதும், நான் ரேடியோவைத் திருகிடுவேன். உரம் எப்பப் போடணும், புகையான் பூச்சிக்கு என்ன அடிக்கணும்னு அது பாட்டுக்குக் கத்தும். வெளிய உக்காந்திருக்கறவங்க காதுல அதுதான் விழும். நீ கீழ உக்காந்து வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டு, "அம்மா சத்தத்தைக் குறைங்க"ன்னு சிணுங்குவ. ஏன் கூட்டினேன்னு உனக்கு நான் சொன்னதே இல்ல.

மல்லிகா எனக்கு அங்கதான் சிநேகிதம் ஆனா. அவ மாமியார் கேபினுக்குள்ளயே கூட வந்து ஒட்டிக்கிட்டு நிப்பா, மருமக என்ன சொல்றான்னு ஒரு சொல்லு விடாமக் கேப்பா. அதனால மல்லிகாவும் அவ புருஷனும் தங்களுக்குள்ள ஒரு பேச்சு வெச்சிருந்தாங்க. "இங்க நல்ல வெயிலுங்க"ன்னா, உங்கம்மா பக்கத்துல நிக்கிறாங்க, அப்புறம் பேசலாம்னு அர்த்தம். ஐப்பசி மாசம், வெளிய அடை மழை, வாய்க்கால் ரோட்டு மேல ஏறி ஓடுது, இவ உள்ள நின்னுக்கிட்டு நல்ல வெயிலுங்கன்னு சொல்றா. மாமியார் அவளை ஒரு மாதிரி பாக்குறா. நான் சிரிப்பை அடக்க மேசைக்கு அடியில குனிஞ்சுட்டேன். உங்க படிப்புல இதுக்குப் பெரிய பேரு இருக்கும். மனுஷங்களுக்கு யாரும் சொல்லிக்குடுக்க வேணாம் தம்பி, தனக்குன்னு ஒரு பேச்சு வேணும்னா எப்படியாவது ஒரு வழி பண்ணிக்குவாங்க.

அப்புறம் ஒருநாள் ஸ்டேஷன்லேருந்து ஏட்டையா வந்தாரு. எங்கயோ குண்டு வெடிச்ச சமயம் அது, ஊரெல்லாம் ஒரே பதட்டம். அவரு மரியாதையான மனுஷன், நல்லவருதான். "அம்மா, கல்ஃபுக்குப் பேசுறவங்க என்ன பேசுறாங்கன்னு கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க. எல்லாரும் இல்ல, யாருன்னு உங்களுக்கே தெரியும். நம்ம நல்லதுக்குத்தான் சொல்றேன்"னாரு. யாருன்னு எனக்குத் தெரியும். பக்கத்து ஊர்லேருந்து வர்ற ஹாஜியார் வீட்டு ஆளுங்களைச் சொல்றாரு. "ஐயா, நம்பரு, நேரம், பில்லு, இது நான் பாக்குறது. பேச்சு என் காதுல விழுறதில்லீங்க, ரேடியோ ஓடுது"ன்னேன். அவரு சிரிச்சுட்டு, அப்ப நானே உக்காந்துக்கறேன்னு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு கேபினுக்குப் பக்கத்துலயே உக்காந்துட்டாரு. பூத்தை எடுத்துட்டா நீயும் நானும் எங்க போறது?

அவரு யாரையும் ஒரு வார்த்தை அதட்டல. சும்மா உக்காந்திருந்தாரு. வந்த பொம்பளைங்க உள்ள போயி, நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கோம்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டாங்க. ஹாஜியார் வந்தாரு, குவைத்துல இருக்கற மகளுக்குப் பேச. வயித்துல கட்டின்னு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில சொல்லியிருந்தாங்க, ஆபரேஷன் பண்ணணும், அதை மகளுக்குச் சொல்ல வந்தவரு. எனக்கு முதல்நாளே சொல்லியிருந்தாரு. ஏட்டையாவைப் பாத்ததும், "எல்லாம் சுகந்தாம்மா, நீ நல்லா இரு"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாரு. வெளிய வந்து என் முகத்தைப் பாக்கல. அந்த மனுஷன்கிட்ட மறைக்கறதுக்கு என்ன இருந்துச்சு? ஒன்னும் இல்ல. வயித்துல ஒரு கட்டி இருந்துச்சு, பயம் இருந்துச்சு. மகளுக்குச் சொல்ல வேண்டிய பயத்தை ஏட்டுக்கும் சேத்துச் சொல்ல அவருக்கு வாய் வரல. தப்பு பண்றவன்தானே பயப்படணும்னு அன்னைக்கு நீ போன்ல சொன்னப்ப எனக்கு ஹாஜியார்தான் ஞாபகம் வந்தாரு. உன்கிட்ட உடனே சொல்லத் தெரியல, அதனால இப்ப எழுதுறேன்.

ஏட்டையா எப்படிக் கிளம்பினாருன்னு கேளு. ஒருநாள் மத்தியானம், கூட்டமே இல்லாத நேரம், மஃப்டியில வந்தாரு. அவரு பொண்ணுக்குப் பேசி வெச்சிருந்த சம்பந்தம் முறிஞ்சு போச்சாம், கோயம்புத்தூர்ல இருக்கற மச்சானுக்குச் சொல்லணும். கேபினுக்குள்ள போனவரு கதவை இழுத்துப் பாத்தாரு, சரியா மூடலன்னு திரும்ப இழுத்தாரு, கண்ணாடி வழியா என்னை ஒரு பார்வை பாத்தாரு. ரேடியோவை நல்லாத் திருகிவிட்டேன். வெளிய வந்தப்ப கண்ணு கலங்கியிருந்துச்சு, துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டாரு. மறுநாள்லேருந்து அந்த ஸ்டூல்ல அவரு உக்காரல. மேல என்ன எழுதிக் குடுத்தாரோ, நான் கேக்கல, அவரும் சொல்லல.

ஆனா தம்பி, நீ சொன்னதையும் நான் ஒதுக்கிடல. மெசேஜ்ல பழகி ஆளுங்க சீரழிக்கற அந்தச் சின்னப் பிள்ளைங்களைப் பத்தி நீ சொன்னப்ப உன் குரல் உடைஞ்சுது. வேலையில என்னத்தையெல்லாம் பாக்க வேண்டியிருக்குன்னு சொல்ல முடியாம நீ நிறுத்தின. அந்தப் பிள்ளைங்களுக்கு நான் என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல, தெரிஞ்ச மாதிரி நடிக்கவும் மாட்டேன். என் பூத்துக்கே ஒரு தடவை பள்ளிக்கூட யூனிஃபார்ம்ல ஒரு பொண்ணை ஒரு ஆளு கூட்டிக்கிட்டு வந்தான். அவன் போன்ல பேசிக்கிட்டிருக்கான், இது வெளிய நின்னு நகத்தைக் கடிச்சுக்கிட்டிருக்கு. அவன் என்ன பேசினான்னு எனக்குத் தெரியாது. அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாத்தேன், போதும். நொண்டிக்கிட்டே எழுந்து போயி அவளைப் பக்கத்துல உக்கார வெச்சு, எந்த ஸ்கூல், வகுப்பு டீச்சர் யாரு, இவரு உனக்கு என்ன உறவுன்னு கேட்டேன். ஓன்னு அழுதுச்சு. அவன் வெளிய வர்றதுக்குள்ள டீக்கடைக்காரங்க வாசல்ல வந்து நின்னுட்டாங்க. ஒரு பிள்ளைக்கு ஆபத்துன்னா மூக்கை நுழைக்கத்தான் வேணும், நான் இல்லைங்கல. ஆனா அந்தப் பொண்ணுக்காக நான் வெள்ளிக்கிழமை வர்ற எல்லாப் பொம்பளையோட பேச்சையும் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கல. ரெண்டுக்கும் நடுவுல எங்க கோடு போடணும்னு உன்ன மாதிரி படிச்சவங்கதான் உக்காந்து யோசிக்கணும். கஷ்டம்தான். கஷ்டமா இருக்குன்னு எல்லாக் கதவையும் கழட்டிப் போடாதீங்க.

வேலையை விடுன்னு நான் சொல்லப்போறதில்ல. நீ அங்க நிக்கறதுக்கு எவ்வளவு பாடுபட்டன்னு எனக்குத் தெரியாதா? முதல் குளிர்காலத்துல ஜன்னலோரமா நின்னுக்கிட்டு, ஒன்னும் பேசாம, போனை மட்டும் காதுல வெச்சுக்கிட்டு இருந்தியே, அப்ப நானும் இந்தப் பக்கம் ஒன்னும் பேசாம நின்னேன். அதை யாராவது கேட்டுக்கிட்டிருந்தா அதுல கேக்க என்ன இருந்துச்சு? இருந்தாலும் யாரும் கேக்கலங்கறதாலதான் உன்னால அப்படி நிக்க முடிஞ்சுது. ஒரே ஒன்னு கேக்குறேன். அந்த மீட்டிங்குல உன் படம், கணக்கு எல்லாத்தையும் காட்டிட்டு இதையும் சொல்லு. "எங்கம்மா போனை நான் நல்ல எண்ணத்துல பாத்தேன். கெட்டவனைப் புடிக்கத்தான் பாத்தேன். ஒரு கெட்டவனும் மாட்டல, ஒரு பொண்ணு கை உடைஞ்சுது"ன்னு சொல்லு. அப்புறம் அவங்க என்ன வேணா முடிவு பண்ணட்டும். உன் பங்குக்கு உண்மையைச் சொன்னன்னு இருக்கட்டும். உனக்கு வெக்கமா இருக்கும். இருந்தாலும் சொல்லு.

இன்னொன்னு. மல்லிகாகிட்ட நான் உன்னைப் பத்திச் சொல்லிட்டேன். காட்டிக் குடுத்துட்டாங்கன்னு நெனைக்காத. நான் சொல்லலன்னா அவ பிரபுவோட சேத்து என்னையும் வாழ்நாள் பூரா நெனைச்சுக்கிட்டிருப்பா, அதை என்னால தாங்க முடியாது. மொபைல் கடையில கேட்டா உன் கம்ப்யூட்டரை என் போன்லேருந்து ஒரு நொடியில எடுத்துடுவாங்களாம். நான் போகல. வெச்ச கையே எடுக்கணும், அதான் முறை. கவிதாகிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு அப்புறம் போன்ல அழுத, நல்ல பிள்ளை, கேக்கத்தான் வேணும். ஆனா அவ நம்பரை யாருகிட்டயும் கேக்காத. அவளாக் கூப்பிடுற அன்னைக்குக் கேளு. கூப்பிடவே இல்லன்னா மனசுக்குள்ளயே வெச்சுக்க, அதுவும் உன் பாடுதான்.

நேத்து மல்லிகா வந்திருந்தா. பஸ்ஸ விட்டு இறங்கி நேரா வந்து, செருப்பைக் கழட்டிட்டு, அடுப்படியில என் பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிக்க ஆரம்பிச்சுட்டா. அவளுக்கு ரசம் ஊத்திச் சாதம் போட்டேன், சாப்பிட்டா. மெலிஞ்சு போயிருக்கா, ஜாக்கெட் தோள்ல நிக்கல. "உன் பிள்ளை மேல எனக்குக் கோவம் இல்லடி, சின்னதுலேருந்து நான் தூக்கி வளத்தவன்"னா. கை கழுவிட்டு வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டா. "கவிதாவை வேற இடத்துல விட்டிருக்கேன், எங்கன்னா..."ன்னு ஆரம்பிச்சா.

நான் அவ வாயைப் பொத்திட்டேன். சொல்லாதடின்னேன். அவ என் கையை விலக்கிட்டு, போனைத்தான் உள் ரூம்ல வெச்சுட்டியே, அப்புறம் என்னன்னு கேட்டா. போனுக்காக இல்லடி, எனக்குத் தெரிஞ்சா என் பிள்ளை கேட்டான்னா நான் சொல்லிடுவேன், அவன்கிட்ட எனக்குப் பொய் வராதுன்னேன். நிஜம்தானே தம்பி? நீ என்ன கேட்டு நான் இல்லைன்னு சொல்லியிருக்கேன்? அப்புறம் அவ பையை எடுத்துக்கிட்டு எழுந்து, நிலையைப் புடிச்சுக்கிட்டு நின்னு, "அப்ப நான் யாருகிட்டதான் சொல்றது?"ன்னு கேட்டா.

என்கிட்டயே சொல்லுடின்னு சொல்ல எனக்கு வாய் வரல.

உன் அம்மா